நெய் விடும் முன் ஒரு வார்த்தை: சைவ உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சைவ உணவக உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய அடுப்படிகளை ஆளும் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

நூற்பாலை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வீடு கோயம்புத்தூரில் இருக்கிறது. ஆனால் ஈரோடு, கரூர், திண்டுக்கல், இராஜபாளையம் என்று ஆலைகள் உள்ள ஊர்களில்தான் வாரத்தின் பெரும்பகுதி கழிகிறது. ஆகவே வெளியில் சாப்பிடுவது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. "இவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட வேண்டியதுதானே" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: லாட்ஜ் அறையில் அடுப்பு கிடையாது. விடியற்காலையில் ஆலை வண்டி வந்து நிற்கும்போது அந்தத் தெருவில் திறந்திருப்பது உங்கள் கடைதான். உங்களை நம்பித்தான் ஊர் ஊராகப் போகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் நனிசைவன். வீகன் என்று சொன்னால் இன்னும் சிலருக்கு எளிதில் புரியும். இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், தேன் ஆகியவற்றையும் சாப்பிடுவதில்லை. கறவைக்கு உதவாத காளைக்கன்று, உழவுக்கும் டிராக்டர் வந்துவிட்ட இந்தக் காலத்தில், கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதை மாடு வளர்ப்பவர் எவரும் அறிவார். என் காரணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த வழக்கை உங்கள் கல்லாப்பெட்டியின் முன் நடத்த நான் வரவில்லை. நீங்கள் பாலைக் கைவிட வேண்டும் என்பதும் என் கோரிக்கை அல்ல. சோயாப் பன்னீர் வாங்குங்கள், ஓட்ஸ் பாலில் காபி போடுங்கள், எங்களுக்கென்று ஒரு தனி மெனு அச்சிடுங்கள் என்றெல்லாம் கேட்கப்போவதில்லை. நான் கேட்பது இதைவிட மிகச் சிறியது. ஆனால் அதைக் கேட்பதற்கு முன், உங்கள் கடைக்கு வரும் என்னைப் போன்ற ஒருவனுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

உங்கள் அடுப்படியில் பாதிக்கு மேல் எனக்கான சாப்பாடுதான். இட்லி மாவில் இருப்பது அரிசி, உளுந்து, உப்பு. தோசை மாவில் கூடவே கொஞ்சம் வெந்தயம். உளுந்து வடை, மசால் வடை, இடியாப்பம், புட்டு, குழிப்பணியாரம், அடை, வடைகறி, காரச் சட்னி, மல்லிச் சட்னி, வத்தக்குழம்பு, புளியோதரை, எலுமிச்சை சாதம், சுண்டல் என்று நீளும் பட்டியலில் எதற்குமே இயல்பான செய்முறையில் பால் தேவையில்லை. உலகத்தின் பல ஊர்களில் நனிசைவர்கள் தேடி அலைகிற உணவு, உங்கள் கடையில் காலை ஏழு மணிக்கே ஆவி பறக்க அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்கு இதைவிடத் தோதான சமையல் வேறெங்காவது இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் அது என் மேசைக்கு வருவதற்குள் என்னவோ நடந்துவிடுகிறது. மாஸ்டர் தோசையைக் கல்லில் ஊற்றித் தேய்க்கிறார், எண்ணெய் விடுகிறார், ஓரம் சிவந்து எழும்பும்போது பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி நெய்யைச் சுற்றி விடுகிறார். கேட்டது சாதா தோசை. நெய் தோசை என்று தனியாக ஒன்றை, தனி விலை போட்டு, அதே மெனுவில் விற்கிறீர்கள். பிறகு சாதா தோசைக்கு எதற்கு நெய்? மணத்துக்கு என்கிறார் ஒரு மாஸ்டர். கை பழகிவிட்டது என்கிறார் இன்னொருவர். இரண்டாவது பதில்தான் உண்மை என்று நினைக்கிறேன்.

நெய்யாவது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். தட்டைத் திருப்பி அனுப்பலாம். (திருப்பி அனுப்பினால் அந்தத் தோசை குப்பைக்குத்தான் போகும் என்பதால் எனக்கு அதில் மனமில்லை. எதிரில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் தட்டுக்கு மாற்றிவிட்டு வேறு கேட்பேன்.) தெரியாமல் உள்ளே கலந்திருப்பதுதான் பெரிய தொல்லை. ரவா தோசை மாவைப் பல கடைகளில் மோர் விட்டுக் கரைக்கிறார்கள். சப்பாத்தி மிருதுவாக வர வேண்டும் என்று மாவில் பாலோ தயிரோ சேர்க்கிறார்கள். பரோட்டா மாவில் பால் சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. குருமாவில் ஒரு கடையில் தேங்காயும் கசகசாவும், அடுத்த கடையில் தயிர், குளிர்சாதன அறை உள்ள மூன்றாவது கடையில் க்ரீம். தேங்காய்ச் சட்னியில்கூடத் தயிர் கலக்கும் கடைகள் இருக்கின்றன. ரசத்தை நெய்யில் தாளிப்பவர்கள் உண்டு, கூட்டையும் அப்படியே. வெஜிடபிள் பிரியாணியில் நெய், தயிர் இரண்டும் இருக்கலாம். ஒரே பெயர் கொண்ட பண்டம் ஐந்து கடைகளில் ஐந்து விதமாக இருப்பதில் எனக்குக் குறையில்லை, அதுதான் வெளியில் சாப்பிடுவதன் சுவாரசியமே. எந்தக் கடையில் எந்த விதம் என்று சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை.

மதியச் சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலை போட்டதும் ஒருவர் பருப்பு வைப்பார், அவருக்குப் பின்னாலேயே சின்னக் கிண்ணத்துடன் இன்னொருவர் வருவார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பருப்பின் மேல் நெய் விழுந்துவிடும். அவர் அன்போடுதான் விடுகிறார். பக்கத்து இலைக்காரர் இன்னும் கொஞ்சம் கேட்கக்கூட செய்வார். ஆகையால் நான் இலையில் உட்கார்ந்த உடனேயே இரண்டு கைகளையும் இலைக்கு மேல் குடைபிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அதன் பிறகு சாம்பார், வத்தக்குழம்பு, பொரியல், அப்பளம் வரை கவலையில்லாமல் போகும். மோர்க்குழம்பு, தயிர், மோர், பாயசம் நான்கும் எனக்கு இல்லை. அதற்காக விலையைக் குறையுங்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். இன்னொரு கரண்டி பொரியல் வைத்தால் போதும், மகிழ்ச்சியாக எழுந்து போவேன். சில கடைகளில் கேட்காமலே வைக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

வெண்பொங்கலை நான் கேட்கப்போவதில்லை. நெய்யில்லாத வெண்பொங்கல் செய்யுங்கள் என்று சொல்லும் அளவுக்குக் கொடியவன் அல்ல. கேசரி, மைசூர்பாகு, நெய் ரோஸ்ட் எல்லாம் அவரவர்க்கு உரியபடி இருக்கட்டும். பெயரைக் கேட்டதுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் பண்டங்களால் எங்களுக்குத் தொந்தரவே இல்லை.

இத்தனை ஊர்களில் சாப்பிட்டதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கடையின் அந்தஸ்து ஏற ஏற எனக்கான சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது. தெருவோரத்தில் ஒரு பாட்டி இட்லிக்கொப்பரையோடு உட்கார்ந்து இட்லியும் காரச் சட்னியும் விற்கிறார் என்றால், அங்கே நான் ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிடலாம். நெய் போட அவருக்குக் கட்டுபடியாகாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சிறிய கடையில் ஒரு கேள்வி கேட்டால் போதும். 'உயர்தர சைவ உணவகம்' என்று பலகை தொங்கும் இடத்தில் நாலைந்து கேள்விகள். அதே கட்டிடத்தின் மாடியில் இருக்கும் குளிரூட்டிய அறைக்குப் போய்விட்டால், பட்டர் நான், பன்னீர் பட்டர் மசாலா, மலாய் கோஃப்தா, தால் மக்கனி என்று மெனுவின் முக்கால் பாகம் பால் பண்ணையாகிவிடும். மிஞ்சுவது கோபி மஞ்சூரியனும் வெஜிடபிள் ஃப்ரைடு ரைஸும். இந்த இரண்டையும் இனிப் பார்க்கவே பிடிக்காத நிலைக்கு வந்துவிட்டேன்.

நெய்யும் பாலும் நம் ஊரில் உயர்வின் அடையாளம். கடையின் தரத்தைச் சொல்ல நெய் மணத்தைவிட எளிதான வழி இல்லை என்று நீங்கள் நினைப்பதில் தவறு காண மாட்டேன். ஆனால் அந்த மணம் எல்லா இடத்திலும் நெய்யின் மணம்தானா? கொங்குப் பக்கத்தில் ஒரு கடையில், "இதில் நெய் சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். பரிமாறியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து, மெல்லிய குரலில், "மன்னிக்க வேண்டும் சார், டால்டாதான்" என்றார். நெய் போட்டது என்று மெனுவில் அச்சிட்டிருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு முகம் மலர்ந்த ஒரே வாடிக்கையாளர் நானாகத்தான் இருப்பேன். டால்டா என்கிற வனஸ்பதி தாவர எண்ணெயிலிருந்து வருவது. அதை அடிக்கடி சாப்பிடுவது உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதயத்துக்குக் கெடுதலான ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு 2022 ஜனவரியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பரிமாறுபவர் உண்மை சொன்னார். பெரும்பாலோர் சொல்வது வேறு. "நெய் இருக்கிறதா?" என்றால், "கொஞ்சமாகத்தான் சார்." "பால் சேர்த்திருக்கிறீர்களா?" என்றால், "சுத்த சைவம் சார், பயப்படாமல் சாப்பிடுங்கள்." "தயிர் உண்டா?" என்றால், ஒரு கணம் யோசித்துவிட்டு, "இல்லை சார்." இந்த மூன்றாவது பதிலைக் கேட்டு நான் சாப்பிட்ட குருமாவில் தயிர் இருந்ததைப் பிறகு கை கழுவப் போனபோது அடுப்படிப் பக்கமிருந்த ஒருவர் யதார்த்தமாகச் சொன்னார். பரிமாறியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பல நூறு மைல் தாண்டி, ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து, தமிழில் பத்து இருபது பண்டங்களின் பெயரை மட்டும் கற்றுக்கொண்டு வேலை பார்க்கும் இளைஞராக இருக்கலாம். உள்ளூர்க்காரராகவே இருந்தாலும் குருமா எப்படி வைக்கப்படுகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தெரியாது என்று சொன்னால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார், மேலாளர் திட்டுவார். அதனால் "இல்லை" என்கிறார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நெய் வேண்டாம், தயிர் வேண்டாம், காபிக்குப் பால் வேண்டாம் என்று அடுக்கினால் உடனே, "விரதமா சார்?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "டாக்டர் சொன்னாரா?" இரண்டில் எதற்கு ஆமாம் என்றாலும் மரியாதை கிடைக்கும், மாஸ்டர் வரை செய்தி போகும், தோசை நெய்யில்லாமல் வரும். கடவுளும் இல்லை, டாக்டரும் இல்லை, நானாக எடுத்த முடிவு என்று சொன்னால் முகம் மாறிவிடும். இது ஏதோ வசதியான வீட்டுப் பிள்ளையின் அடம் என்று தோன்றிவிடுகிறது போலும். என் நண்பர்களில் சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பால் அலர்ஜி என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உண்மையாகவே பால் ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கிறது. ஒரு கரண்டி தயிர் அந்தக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகக்கூடும். அலர்ஜி என்று சொல்லிவிட்டு, பிறகு பாலில் தொட்ட கரண்டி பற்றிக் கவலைப்படாமல் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்த மாஸ்டர், நாளை அந்தக் குழந்தையின் தாய் வந்து சொல்லும்போது நம்புவாரா?

அந்தத் தாயை முன்னிட்டுத்தான் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுப் பொட்டலங்களில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி எங்களுக்கு உதவாது என்பது உங்களுக்குத் தெரியும். பாலும் தேனும் இருந்தாலும் பச்சைதான். நனிசைவ உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022இல் தனி விதிமுறைகளும் பச்சை நிறத்தில் ஒரு முத்திரையும் கொண்டுவந்தது. கடையில் பிஸ்கட் வாங்கும்போது அது உதவும். தோசைக்கல்லில் முத்திரை குத்த முடியாது. ஆனால் அதே ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் வேறொன்றைச் சொல்கின்றன. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ள உணவகங்களும் மெனுவில் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் எந்தெந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்ற தகவலையும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். அந்தப் பொருள்களின் பட்டியலில் பால் இருக்கிறது. ஆக, உங்களில் பெரிய கிளை வரிசை வைத்திருப்பவர்களிடம் நான் புதிதாக எதையும் கேட்கவில்லை; ஏற்கெனவே தர வேண்டியதை, மேசையில் உட்கார்ந்திருப்பவன் படிக்கக்கூடிய இடத்தில் வையுங்கள் என்கிறேன். சிறிய கடைகளைச் சட்டம் இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களிடம் வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

இனிக் கோரிக்கை. மாஸ்டர் உட்கார்ந்து அரைமணி நேரம் ஒதுக்கி, தம் கடையின் எந்தெந்தப் பண்டத்தில் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் சேருகிறது என்று ஒரு தாளில் எழுதட்டும். தாளிப்பு எதில், மாவு எதில் பிசைகிறார், சட்னியில் என்ன கலக்கிறார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அந்தத் தாளின் ஒரு படி பரிமாறுபவர்கள் தட்டு எடுக்கும் இடத்தில் ஒட்டியிருக்கட்டும், இன்னொன்று கல்லாவில் இருக்கட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒன்று. செய்முறை மாறினால் தாளும் மாற வேண்டும். மசாலாவின் ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. உங்கள் சாம்பார்ப் பொடியில் என்ன வறுத்துச் சேர்க்கிறீர்கள் என்பது உங்கள் சொத்து.

அடுத்தது நெய். கேட்டவர்களுக்கு விடுங்கள். சாதா தோசையிலும், சாம்பார் இட்லியிலும், இலையில் வைத்த பருப்பிலும் கேட்காமல் விடும் அந்தக் கடைசிக் கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் மேசைக்கு அனுப்பிவிட்டால் வேண்டியவர் தாமே விட்டுக்கொள்வார். மருத்துவர் சொல்லி நெய்யைக் குறைத்தவர்கள், எங்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில், உங்களை வாழ்த்துவார்கள். நெய் விலை நல்லெண்ணெய் விலையைவிட அதிகம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் நெரிசல் நேரத்தில் நடக்கிற காரியமா என்று ஒரு உரிமையாளர் என்னிடம் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் கடைகளில் நடப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லாமல் சமணர்களுக்குச் சாம்பார் தனியாக வருகிறது. சில கடைகளின் பில் இயந்திரத்திலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. கார்த்திகை பிறந்து மாலை போட்டவர்கள் வரத் தொடங்கினால், அசைவக் கடைகள்கூடத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று மாறிவிடுகின்றன. காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மேசையில் ஒருவருக்கு ஸ்ட்ராங், ஒருவருக்கு லைட், ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல், ஒருவருக்கு அரைச் சர்க்கரை. ஒன்றையும் எழுதிக்கொள்ளாமல் நான்கையும் சரியாகக் கொண்டுவந்து வைக்கிறார் ஒரு பையன். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தபோது, அதை நம்பியிருந்த கடைகள் எல்லாம் மூடிவிடவில்லை. முட்டையில்லாத வகைக்கு மாறின. (அதில் பெரும்பாலும் பால் இருக்கும் என்பது என் துரதிர்ஷ்டம்.) இவ்வளவும் முடிகிறவர்களுக்கு 'நெய் வேண்டாம்' என்று ஒரு பொத்தான் முடியாதா?

காபியைச் சொன்னதால் ஒரு புலம்பல். டிகாஷன் உங்களிடம் இறக்கித் தயாராக இருக்கிறது. பாலுக்குப் பதில் வெந்நீர் ஊற்றினால் கடுங்காபி. இதைப் பெறுவதற்குச் சில கடைகளில் நான் பட்ட பாடு, ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டுவதற்குக்கூடப் பட்டதில்லை. மெனுவில் இல்லை, விலை தெரியாது, பில் போட முடியாது என்பார்கள். பால் காபி விலையையே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகும் மேலாளரைக் கூப்பிடுவார்கள். எதிரில் உள்ள டீக்கடையிலோ கட்டஞ்சாயா என்றோ லெமன் டீ என்றோ சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடிக் குவளை கையில் இருக்கும். மாலையில் தள்ளுவண்டியில் சுக்கு மல்லிக் காபி விற்பவரிடம் கேள்வியே தேவையில்லை.

ஒரே கல்லில் நெய் தோசையும் என் தோசையும் வார்ப்பதைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். எங்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு. தனிக் கல் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பொருட்டே இல்லை. கல்லைத் துடைத்துவிட்டு வார்த்தால் போதும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை என்பதால், தனிக் கல் இல்லை என்றால் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறிடம் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, நம் ஊர்ச் சமையலில் பாலே இல்லாத எத்தனையோ பண்டங்கள் உங்கள் மெனுவுக்கு வராமல் வீடுகளிலும் கல்யாணப் பந்திகளிலும் கிடக்கின்றன. திருநெல்வேலியின் சொதி முழுக்க முழுக்கத் தேங்காய்ப்பாலில் கொதிப்பது. கூடவே இஞ்சித் துவையல். அதை மறுவீட்டு விருந்தில் சாப்பிட்டவர்கள் மறப்பதில்லை, ஆனால் நெல்லையிலேயே கடைகளில் தேட வேண்டியிருக்கிறது. கும்பகோணத்தில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் அரைத்த தேங்காயும் சேர்ந்தது. எங்கள் கொங்கு நாட்டில் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிச் சாப்பிடுவோம். தெற்கே தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் மஸ்கோத் அல்வாவைத் தேங்காய்ப்பாலில் கிளறுகிறார்கள். நெய்யில்லாத அல்வா வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குமா என்று கேட்பவர்கள் ஒருமுறை அங்கே போய்விட்டு வரட்டும். மதுரையில் பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சும் பருத்திப்பாலைத் தெருவில் நின்று குடிக்கலாம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்து, தாவரப் பால் பானங்களுக்கான வரி 5 சதவீதமாக ஆனதும் பெருநகரக் கஃபேக்கள் பாதாம் பால், ஓட்ஸ் பால் என்று விளம்பரம் செய்கின்றன. செய்யட்டும். உங்களுக்கு அந்த இறக்குமதி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருநாள் சொதி போட்டுப் பாருங்கள். என்னைப் போன்றவர்கள் வருவது இருக்கட்டும், நெய் சாப்பிடுபவர்களே அதற்கு வரிசையில் நிற்பார்கள்.

நனிசைவர்கள் உங்கள் வாடிக்கையாளர்களில் மிகச் சிலர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தைக் கணக்கில் வையுங்கள். நாங்கள் தனியாகச் சாப்பிட வருவது குறைவு. ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் குழு எங்கே சாப்பிடப் போகலாம் என்று பேசும்போது, அவரால் எங்கே சாப்பிட முடியும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தப் பதிலுக்குத் தக்கபடி ஒரு வண்டி நிறைய ஆட்கள் ஒரு கடைக்குப் போகிறோம், இன்னொரு கடையைத் தாண்டிப் போகிறோம். எனக்கு விடை தெரிந்த கடைகளின் பெயர்களை என் தொலைபேசியில் ஊர்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் பாதிக் கடைகளில் சிறப்பாக எதுவும் செய்யவில்லை. கேட்டால் உள்ளே போய் மாஸ்டரிடம் விசாரித்துவிட்டு வந்து பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியல் எழுத உட்காரும் மாஸ்டருக்கு எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், ரவா தோசை மாவிலிருந்தும் குருமாவிலிருந்தும் தொடங்கலாம். என்னிடம் அதிகம் பொய் சொல்லப்பட்டது அந்த இரண்டைப் பற்றித்தான்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் ஊர் ஊராகச் சாப்பிடும் ஒரு கோவைக்காரன்